மைக் செட் ஓடாத கூட்டம்

அந்தச் சபையில் யாராவது "கர்த்தர் பார்த்துக்குவார்" என்று சொன்னால், சொன்ன கையோடு எல்லாருடைய கண்ணும் மைக் செட்காரர் பக்கம் திரும்பும்.

பந்தல்காரன் வரவில்லையா? கர்த்தர் பார்த்துக்குவார். மழையில் வயரெல்லாம் நனைந்துவிட்டதா? கர்த்தர் பார்த்துக்குவார். கூட்டம் தொடங்கும் நேரத்தில் ஜெனரேட்டர் இருமிவிட்டு நின்றுபோனதா? பாஸ்டர் கையை உயர்த்தி அந்த வார்த்தையைச் சொல்வார், சபை "ஆமென்" என்னும், மைக் செட்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரோடு கிளம்புவார். எப்படியோ பந்தல் நிற்கும், விளக்கு எரியும், மைக் பேசும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்கிறவர்கள் கர்த்தர் அதிசயமாய் நடத்தினார் என்று சொல்லிக் கண் கலங்குவார்கள். மைக் செட்காரரோ கடைசியில் ஆம்ப்ளியின் பக்கத்தில் உட்கார்ந்து, கை விரலில் ஷாக் அடித்த இடத்தைத் தேய்த்துக்கொண்டிருப்பார்.

வாலிபத்தில் அது பெருமையாகத்தான் இருந்தது. ஐம்பதைத் தாண்டியதும் இடுப்பு குறுக்கே பேச ஆரம்பித்தது. பெட்டியைத் தூக்கும்போது ஒரு பேச்சு, இறக்கும்போது ஒரு பேச்சு.

பழைய சாமான் கடையில் செத்துக் கிடந்த ஒரு ஆம்ப்ளியை வாங்கி, பிரித்துப் போட்டு, யாரிடமும் கேட்காமல் அதற்கு உயிர் கொடுத்ததில் தொடங்கிய பிழைப்பு அது. கல்யாணம், சாவு, கட்சிக் கூட்டம், கடைத் திறப்பு விழா எல்லாவற்றுக்கும் செட்டு வாடகைக்குப் போகும். சபைக்கு மட்டும் வாடகை கிடையாது. அந்தச் செட்டுதான் மகளைக் கல்லூரிக்கு அனுப்பியது. அவர் தெருவில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். பட்டமளிப்பு விழாவுக்கு இஸ்திரி போட்ட சட்டையில் போய் முன்வரிசைக்கு அடுத்த வரிசையில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் என்ன சொன்னார் தெரியுமா? "இடது பக்க ஸ்பீக்கர் பெட்டி கிழிஞ்சு போயிருக்கு. மூணு பேர் பேசினாங்க, ஒருத்தனும் அதைக் கவனிக்கல."

"புள்ள பட்டம் வாங்கினதைப் பார்த்தீங்களா, பெட்டியைப் பார்த்துட்டு இருந்தீங்களா?" என்றார் மனைவி.

"ரெண்டையும்தான்."

பிரசங்கத்திலும் இதே கதை. இத்தனை வருடத்தில் அவர் தவறவிட்ட கூட்டம் இல்லை, காதில் வாங்கிய கூட்டமும் இல்லை. குரல் ஏறுகிறதா, இரைகிறதா, மைக் கூவப் போகிறதா என்பதுதான் அவருக்கு வந்து சேரும். என்ன சொன்னார்கள் என்பது வராது.

இப்படிப்பட்ட ஆளைப் பாஸ்டர் வெளிநாட்டு ஊழியப் பயணத்துக்கு அழைத்தபோது அவர் மறுத்துவிடலாம் என்றுதான் இருந்தார். கடல் கடந்து ஒரு நகரத்தில் பெரிய பெரிய கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. அங்கே வேலைக்குப் போன நம் பாஷைக்காரர்கள் ஒரு விடுதியில் தங்கியிருந்தார்கள். வாரத்துக்கு ஒரு நாள்தான் அவர்களுக்கு ஓய்வு. அந்த ஒரு நாள் சாயங்காலத்தைக் கொடுக்கிறோம், வந்து நாலு வார்த்தை பேசுங்கள் என்று அவர்களில் சிலர் பாஸ்டரைக் கேட்டிருந்தார்கள். பாஸ்டருக்குத் தொண்டையில் அறுவைச் சிகிச்சை ஆகியிருந்தது. கத்திப் பேசவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மைக் இல்லாவிட்டால் அவர் பேச்சு மூன்றாவது வரிசையைத் தாண்டாது.

"நீங்க வந்தா போதும் தம்பி. மத்ததைக் கர்த்தர் பார்த்துக்குவார்" என்றார் பாஸ்டர்.

மைக் செட்காரர் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார். மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"ஊருக்கெல்லாம் சத்தம் குடுக்குறீங்க. முடியாதுங்கிற ஒரு வார்த்தை மட்டும் உங்க வாயில வராதா?"

"இதான் கடைசி. போயிட்டு வந்து பாஸ்டர்கிட்ட சொல்லிடுறேன்."

"போன கிறிஸ்துமஸுக்கும் கடைசின்னுதான் சொன்னீங்க."

கொண்டுபோகிற செட்டு அவர் தன் கையாலேயே கட்டியது. மிக்ஸரும் ஆம்ப்ளியும் ஒரே பெட்டிக்குள். அதற்குக் கரண்ட் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் தனியாக ஒரு கறுப்புத் தகர டப்பாவில் வைத்திருந்தார். டப்பா சின்னதுதான், தூக்கினால் அம்மிக்கல். அது இல்லாமல் செட்டு மூச்சுகூட விடாது. எல்லாவற்றையும் பழைய போர்வையில் சுற்றிப் பெட்டிக்குள் அடுக்கினார். குழந்தையைத் தொட்டிலில் போடுகிற பதனம்.

புறப்படுகிற அன்று சபைக் கூடத்தில் கூட்டம் அலைமோதியது. அந்த நாட்டில் மகனோ, மருமகனோ, தம்பியோ இருக்கிற ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பொட்டலம். சட்டைத் துணி, தைலம், பேத்தி வரைந்த படம், சேலைத் துணியில் சுற்றி முடிச்சுப் போட்ட என்னென்னவோ. வாங்கி வைத்தவர் சபைச் செயலாளர். ஓய்வுபெற்ற குமாஸ்தா, தங்கமான மனுஷர், யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். மைக் செட்காரர் குளித்து உடை மாற்ற வீட்டுக்குப் போயிருந்த இடைவெளியில் எல்லாப் பெட்டிகளுக்கும் பூட்டுப் போட்டு, நிறுத்துப் பார்த்து, ஜெபமும் முடித்திருந்தார்.

"எடை சரியா இருக்கு. ஸ்தோத்திரம்!" என்றார். எப்படிச் சரியாய் இருக்கும் என்று அப்போது யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

விமானம், அதற்குப் பிறகு இன்னொரு விமானம், அதற்குப் பிறகு நகராத வரிசைகள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர்கள் பேசியது ஒன்றும் புரியவில்லை. பாஸ்டர் நாற்காலியில் சாய்ந்து கண் அயர்ந்தார். கூட வந்த செயலாளர் உதட்டை மட்டும் அசைத்து ஜெபித்துக்கொண்டிருந்தார். மைக் செட்காரர் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கால் செருப்புக்குள் அடங்காமல் வீங்கியிருந்தது.

விடுதியில் இரட்டை அடுக்குக் கட்டில்கள் போட்ட ஓர் அறையை இவர்களுக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். கட்டில் கம்பிகளில் ஈரத் துண்டுகள். சுவரில் வேலைத் தொப்பிகள் வரிசையாகத் தொங்கின. காலை வெளிச்சத்தில் மைக் செட்காரர் தன் பெட்டியைத் திறந்தார். போர்வை இருந்தது. மிக்ஸர் இருந்தது. தகர டப்பா இருக்க வேண்டிய இடத்தில் பொட்டலங்கள் பதவிசாக அடுக்கியிருந்தன.

ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் வைத்தார். அடிவரைக்கும் பொட்டலம்தான்.

"அண்ணே, இதுல ஒரு கறுப்பு டப்பா இருந்துச்சே?"

செயலாளர் பல் துலக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தார். "அந்தக் கனமான டப்பாவா? அது பத்திரமா இருக்கு தம்பி. சபை அலமாரியில வச்சுப் பூட்டியிருக்கேன்."

"அலமாரியிலயா?"

"ஆமா. அது ஸ்டெபிலைசர்தானே? நம்ம ஊர் கரண்ட்டு ஏறி இறங்கும், அதுக்காக வச்சிருப்பீங்க. இங்கதான் கரண்ட்டு ஆடாம அசையாம வருமாமே. பொட்டலம் நிறைய சேர்ந்துபோச்சு, பாவம் பெத்தவங்க." கொஞ்சம் நிறுத்தி, "சும்மா எடுக்கல. ஜெபம் பண்ணிட்டுத்தான் எடுத்தேன்" என்றார்.

மைக் செட்காரர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். "ஜெபம் பண்ணீங்களே, என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? அது இல்லாம செட்டே ஓடாதுண்ணே."

விஷயம் புரிந்ததும் செயலாளரின் முகம் செத்துப்போனது. வாயில் இருந்த நுரையைத் துப்பக்கூட மறந்து நின்றார்.

கூட்டம் சாயங்காலம். கையில் ஒரு பகல் இருந்தது. பாஸ்டரை எழுப்பாமல் இரண்டு பேரும் கடைத்தெருவுக்குக் கிளம்பினார்கள். ஓய்வு நாள் என்பதால் பாதிக் கடை பூட்டு. திறந்திருந்த ஒரு ரிப்பேர் கடையில், மைக் செட்காரர் தன் உள்ளங்கையில் பேனாவால் எழுதிவந்த வோல்ட் கணக்கைக் காட்டினார். கடைக்காரர் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஜோசியக்காரன் மாதிரி. பிறகு தலையை ஆட்டினார். சொந்தமாகக் கட்டிய செட்டுக்கு உலகத்தில் எந்தக் கடையில் சாமான் கிடைக்கும்? வாடகைக்குச் செட்டு கொடுக்கும் இடத்தையும் தேடிக் கண்டுபிடித்தார்கள். அவர்களுடையதெல்லாம் ஏற்கெனவே வெளியே போயிருந்தது. அதைச் சொன்ன ஆளின் முகத்தில் இருந்த சலிப்பு மைக் செட்காரருக்கு நன்றாகத் தெரிந்த சலிப்பு. பாஷை தெரியாவிட்டாலும், "சீசன்ல எவன்கிட்ட செட்டு சும்மா இருக்கும்?" என்றுதான் அவன் சொல்லியிருப்பான்.

நம் ஊராக இருந்தால் நாலு பேரை எழுப்பியிருப்பார். யாருடைய பரணில் எந்தப் பழைய செட்டு தூங்குகிறது என்று அவருக்குத் தெரியும். இங்கே எந்தக் கதவைத் தட்டுவது? ஒரு கட்டடத்தின் படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். செயலாளர் சற்றுத் தள்ளி நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இன்னமும் ஜெபமா?"

"மன்னிப்புக் கேட்டுட்டு இருக்கேன் தம்பி."

அதற்கு மேல் அவரைத் திட்ட மனசு வரவில்லை. மைக் செட்காரர் தலையைக் குனிந்துகொண்டார். சபையில் எல்லாரும் கண்ணை மூடும்போது மிக்ஸரைப் பார்த்துக்கொண்டு இருந்தவருக்கு ஜெபத்தை எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. வேலைக்கு வராத ஆளிடம் பேசுகிற தொனியில்தான் வந்தது. 'ஆண்டவரே, எத்தனை வருஷமா உம்ம பேரைச் சொல்லி என் தலையில கட்டுறாங்க. நானும் இழுத்தேன். இன்னைக்கு என்னால ஆகாது. நிஜமாவே ஆகாது. பார்க்குறதுன்னா நீரே வந்து பாரும்.' அது ஜெபமா, புகாரா என்று அவருக்கே விளங்கவில்லை.

வானம் ஒன்றும் திறக்கவில்லை. ஒரு பஸ் வந்து நின்றது. ஏறிக்கொண்டார்கள்.

விடுதியில் பாஸ்டர் எழுந்து, சட்டை மாற்றி, வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, செட்டு ஓடாது."

"ஓடாதுன்னா?"

"ஓடாதுன்னா ஓடாதுதான். கரண்ட் டப்பா ஊர்ல இருக்கு. கடையெல்லாம் அலைஞ்சாச்சு."

செயலாளர் தரையைப் பார்த்தார். பாஸ்டர் டம்ளரைக் கீழே வைத்தார். பழக்கம் நாக்கில் வந்து நின்றது. "சரி விடுங்க தம்பி, கர்த்தர்..." என்று தொடங்கி, மைக் செட்காரரைப் பார்த்தார்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. அந்த வார்த்தையைச் சொல்லும்போதெல்லாம் நீங்க என்னைப் பார்த்துத்தான் சொல்வீங்க. இன்னைக்கு என்னைப் பார்க்காதீங்க. எனக்கு இந்த ஊர்ல ஒரு கடை தெரியாது, ஒரு தெரு தெரியாது. நான் ஓய்ஞ்சுட்டேன்."

குரல் உயர்ந்துவிட்டது. பாஸ்டரிடம் அவர் இப்படிப் பேசியதே இல்லை. வருத்தமா, வெட்கமா என்று சொல்ல முடியாத ஒன்று பாஸ்டரின் முகத்தில் வந்து போனது.

"நிஜந்தான். உங்களை நம்பிக்கிட்டு அவரை நம்புறேன்னு சொல்லிட்டு இருந்திருக்கேன்" என்றார் மெல்லிய குரலில். "இன்னைக்கு உங்களைப் பார்க்கல. வாங்க, போவோம்."

கூட்டம் நடக்கிற இடம் விடுதியின் சாப்பாட்டுக் கூடம். தகர மேஜைகளை ஓரமாகத் தள்ளி பெஞ்சுகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். அடுக்களைப் புகையை வெளியே தள்ளும் பெரிய மின்விசிறி ஒன்று சுவரில் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தக்கூடாது, அடுப்பில் ராத்திரிச் சாப்பாடு வேகிறது என்று சமையல்காரர் சொல்லிவிட்டார். ஆட்கள் வர வர பெஞ்சு போதவில்லை. குளித்துத் தலைவாரி, துவைத்த சட்டையில் வந்தார்கள். கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரோரமாக நின்றுகொண்டார்கள். எண்ணிப் பார்க்க மைக் செட்காரருக்குத் தைரியம் வரவில்லை.

பாஸ்டர் பேச ஆரம்பித்தார். மின்விசிறியின் இரைச்சலில் அவர் குரல் நனைந்த தீக்குச்சி போல உரசி உரசி அணைந்தது. முன்வரிசை கழுத்தை நீட்டியது. நடுவில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பின்னால் இரண்டு பேர் எழுந்து கதவை நோக்கி நகர்ந்தார்கள். வாரத்துக்கு ஒரு சாயங்காலம் உள்ளவனை யார் குறை சொல்வது?

"சத்தம் வரல அண்ணே!" என்றது ஒரு குரல் கடைசியிலிருந்து.

வாழ்நாளெல்லாம் அந்த வார்த்தையைக் கேட்டதும் ஓடிய கால்கள் தாமாகவே எழுந்தன. ஓடிப்போய்த் திருக ஆம்ப்ளி இல்லை. கூடத்தின் நடுவில் வெறுங்கையோடு நின்றார். எல்லாரும் அவரையே பார்த்தார்கள். வேறு ஒன்றும் தோன்றாமல், பாஸ்டர் கடைசியாகச் சொன்னதைத் தன் தொண்டையைத் திறந்து கத்தினார்.

"வீட்டை விட்டு வந்தவங்களுக்குத்தான் வீட்டோட கனம் தெரியும்னு ஐயா சொல்றாரு!"

கதவருகே போன இரண்டு பேர் நின்றார்கள். பாஸ்டர் இவரை ஒரு கணம் பார்த்தார். அடுத்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு நிறுத்தினார். மைக் செட்காரர் ஒரு பெஞ்சின் மேல் ஏறி நின்று அதையும் கத்தினார். அப்புறம் அதுவே நடையாகிவிட்டது. அவர் ஒரு வரி, இவர் ஒரு வரி.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. திருப்பிச் சொல்ல வேண்டுமானால் காதில் வாங்கியாக வேண்டும். ஏற்றமும் இறக்கமும் போதாது. வார்த்தை வேண்டும், அதன் அர்த்தம் வேண்டும். முதலில் தடுமாறினார். பாஸ்டர் தொண்டையைச் செருமி, "ஒரு நிமிஷம், கொஞ்சம் தண்ணி" என்றபோது அதையும் அதே வேகத்தில் "ஒரு நிமிஷம்! கொஞ்சம் தண்ணி!" என்று முழங்கிவிட்டார். கூடமே குலுங்கிச் சிரித்தது. எங்கிருந்தோ நாலு தண்ணீர் பாட்டில் தலைக்கு மேலாகக் கைமாறி வந்தது. பாஸ்டரும் சிரித்தார்.

பாஸ்டர் பேசியது பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. வேதாகமத்தில் போகிற இடம் தெரியாமல் கிளம்பிய ஒருவனைப் பற்றிப் பேசினார். தெரிந்த இடத்தில் கடவுளை நம்புவது சுலபம், அங்கே பாதி நம்பிக்கை நம் கைச்சாமர்த்தியத்தின் மேல் இருக்கும் என்றார். அதை மைக் செட்காரர் கத்தினார். "உன் கை ஓய்ஞ்சு போன இடத்துல அவர் ஓயல" என்றார் பாஸ்டர். இந்த இடத்தில் மைக் செட்காரருக்கு வாய் திறக்கவில்லை. சொல்லுவது லேசு ஐயா என்று பதில் சொல்லத் தோன்றியது. இடுப்பு வலித்தது. இதை நம்புகிறேனா என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் பின்வரிசை காத்துக்கொண்டிருந்தது. கத்தினார். தன் குரலிலேயே அதைக் கேட்டபோது யாரோ தன்னிடம் சொல்வது போல இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அவர் குரலும் உடைந்தது. முதலில் கரகரப்பு, பிறகு வெறும் காற்று. பாஸ்டரின் பேச்சு பாதியில் நின்றது. மைக் செட்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை முயன்றார். சத்தம் வரவில்லை. அவ்வளவுதான், இதுவும் போயிற்று என்று பெஞ்சின் மேல் விழித்துக்கொண்டு நின்றார்.

அப்போது அவர் சட்டை நுனியை யாரோ இழுத்தார்கள். தடித்த கழுத்தும் நரைத்த மீசையுமாக ஓர் ஆள்.

"அண்ணே, இறங்குங்க. நான் கத்துறேன்."

இவர் புரியாமல் பார்த்தார்.

"கிரேனுக்குக் கீழ நின்னு மேல இருக்குறவனுக்குக் குரல் குடுக்குறதுதான் என் வேலை. வாக்கி டாக்கி பாதி நாள் படுத்துக்கும். இந்த ஃபேன் சத்தமெல்லாம் எனக்கு ஒரு சத்தமா? இறங்குங்க."

"நீங்க சபையில..." என்று இழுத்தார் மைக் செட்காரர், காற்றுக் குரலில்.

"உங்க ஆளு இல்லண்ணே நான். சாமிக்கும் நமக்கும் ரொம்ப நாளாப் பேச்சுவார்த்தை கிடையாது. நம்ம பேச்சை ரெண்டு மணி நேரம் கேக்கலாமேன்னு வந்தேன். ஐயா சொல்றதைச் சொல்லணும், அவ்வளவுதானே?"

மைக் செட்காரர் இறங்கினார். இறங்கும்போது அந்த ஆள் இவர் முழங்கையைப் பிடித்து, கிரேனிலிருந்து சரக்கை இறக்குகிற மாதிரி, பெஞ்சின் ஓரத்தில் மெதுவாக உட்கார வைத்தார். பிறகு ஏறி நின்று குரல் கொடுத்தார். அந்தக் குரலுக்கு அடுக்களைக் கதவே அதிர்ந்தது. சமையல்காரர் கரண்டியோடு வெளியே வந்து நின்று கேட்க ஆரம்பித்தார். பாஸ்டர் ஒரு வரி சொன்னார், அந்த ஆள் ஒரு வரி சொன்னார். எங்கும் பிசிறில்லை.

மைக் செட்காரருக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. திருக ஒன்றும் இல்லை, தூக்க ஒன்றும் இல்லை. மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு மூன்று முறை எழப் பார்த்தார். பக்கத்தில் இருந்த செயலாளர் இவர் தொடையில் கை வைத்து அழுத்தினார். கூட்டம் அவர் இல்லாமலே போய்க்கொண்டிருந்தது. அது கொஞ்சம் குத்தியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இத்தனை வருடம் நானில்லாவிட்டால் நடக்காது என்று சலித்துக்கொண்டதில் ஒரு சுகமும் இருந்திருக்கிறது.

பிறகு அந்தக் குத்தலும் மெல்ல அடங்கியது. யாரோ சொல்கிறார்கள், யாரோ கேட்கிறார்கள். தோளில் இருந்த சுமையை அவராக இறக்கவில்லை. இறங்கிப் போனது போல இருந்தது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. செயலாளர் தன் தோளை நகர்த்தாமல் வைத்துக்கொண்டார்.

கடைசி ஜெபம் முடிந்து பெஞ்சுகள் இழுபட்டன. கடைசிவரிசைக்காரர்களும் வந்து பாஸ்டரைச் சுற்றி நின்றார்கள். கிரேன்காரர் செயலாளரிடம் வந்து, "என்னண்ணே, நான் கத்தின கத்துக்கு ஊரே முழிச்சிருக்கும். இவர் தூங்குறாரு?" என்றார்.

"எழுப்பட்டுமா ஐயா? பொட்டலமெல்லாம் பிரிச்சுக் குடுக்கணும்" என்று செயலாளர் பாஸ்டரைக் கேட்டார்.

"வேணாம். நாம குடுப்போம்" என்றார் பாஸ்டர்.

மனைவியின் போன் வந்தபோதுதான் அவர் விழித்தார். கூடம் காலி. மேஜைகள் பழைய இடத்துக்குப் போயிருந்தன. அவரை உட்கார வைத்த பெஞ்சை மட்டும் யாரும் நகர்த்தவில்லை.

"கூட்டம் எப்படி நடந்துச்சு?"

"நடந்துச்சு. பாதிதான் தெரியும்" என்றார் இல்லாத குரலில். "மீதிக்குத் தூங்கிட்டேன்."

"நீங்களா? கூட்டத்துலயா?" மனைவியின் குரலில் கலவரம் ஏறியது. "உடம்புக்கு என்ன? குரல் ஏன் இப்படி இருக்கு? செட்டை விட்டுட்டு எப்படித் தூக்கம் வந்துச்சு உங்களுக்கு?"

அவர் என்ன சொல்வது என்று யோசித்தார். யோசிப்பதற்குள் கொட்டாவி வந்துவிட்டது. நீளமான கொட்டாவி. மறுமுனையில் மனைவி அதை முழுவதும் கேட்டார்.

"சரி, சரி. வச்சுடுறேன்" என்றார் மனைவி. "போய்ப் படுங்க."